தேர்வறையில் தருமபுத்திரர்



கல்வியாண்டு தொடங்கும் நாட்களில் மைசூரு ரயில் நிலையத்தில் சற்று நேரம் நின்று பாருங்கள். பெட்டியும் படுக்கையுமாகப் புதிய மாணவர்கள் வந்து இறங்குவார்கள். உடன் வந்த தந்தை, விடுதிக் கட்டணத்துக்கான பணத்தை இன்னொரு முறை எண்ணிப் பார்ப்பார். தாயோ பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். 1916-ஆம் ஆண்டு ஜூலை 27 அன்று, சுதேச சமஸ்தானங்களின் முதல் பல்கலைக்கழகம் தோன்றிய நகரம் இது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இளைஞர்கள் கல்வி தேடி இங்கு வந்துகொண்டிருக்கிறார்கள்.

வந்த சில மாதங்களிலேயே முதல் தேர்வு எதிரே நிற்கிறது. ஊர்ப் பள்ளியில் முதல் மாணவனாக விளங்கியவன் இங்கே பலரில் ஒருவன். ‘தவறிவிட்டால் வீட்டில் எந்த முகத்தோடு நிற்பேன்?’ என்ற அச்சம் அவனை இரவில் தூங்க விடுவதில்லை. அந்த அச்சத்தோடு தேர்வறைக்குச் செல்பவனுக்கு நம் மகாபாரதத்தில் ஒரு நல்ல துணை இருக்கிறது.

பொய்கைக் கரையில் ஒரு தேர்வு

பாண்டவர்களின் வனவாசம் முடியும் காலம். மானைத் துரத்திச் சென்ற ஐவரும் களைத்துப்போய், தாகத்தால் வருந்துகிறார்கள். தண்ணீர் கொண்டுவர நகுலன் போகிறான். பொய்கையருகே ஓர் அசரீரி, முதலில் தன் வினாக்களுக்கு விடை சொல்லிவிட்டுப் பிறகு நீர் அருந்துமாறு அவனைத் தடுக்கிறது. தாகத்தின் வேகத்தில் அதைப் பொருட்படுத்தாமல் நீரைக் குடித்த நகுலன் கரையிலேயே வீழ்கிறான். அவனைத் தேடி வந்த சகதேவனும், அருச்சுனனும், பீமனும் அவ்வாறே வீழ்கிறார்கள்.

இவர்களில் அறிவிலோ ஆற்றலிலோ குறைந்தவர் யார்? அருச்சுனனுக்கு நிகரான வில்லாளி உண்டா? ஆயினும் நால்வரும் வீழ்ந்தார்கள். அவர்களுக்கு விடை தெரியாமல் போகவில்லை. வினாவைக் கேட்கவே அவர்கள் நிற்கவில்லை.

கடைசியில் தருமபுத்திரர் வருகிறார். அவருக்கும் அதே தாகம். அதற்கு மேல், உயிரினும் இனிய தம்பியர் நால்வரும் எதிரே கிடக்கிறார்கள். அவரும் கலங்கி அழுகிறார். ஆனால் குரல் ஒலித்தபோது நின்றார்; நிபந்தனையைச் செவிமடுத்தார். தமக்கு எல்லாம் தெரியும் என்று பெருமை பேசாமல், தம் அறிவுக்கு எட்டிய அளவில் விடை கூறுவதாகப் பணிவோடு சொன்னார். பின்னர் ஒவ்வொரு வினாவாகக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் அளவோடு விடையளித்தார்.

தேர்வு எழுதும் கலை முழுவதும் இந்த ஒரு காட்சியில் அடங்கியிருக்கிறது. நிற்றல், கேட்டல், தெரிந்ததைத் தெரிந்த அளவில் சொல்லுதல்.

தேர்வறைக்குள்

வினாத்தாள் கைக்கு வந்ததும் எழுதத் துடிக்கும் கை, நகுலனின் கை. அதைச் சற்று நிறுத்துங்கள். மூன்று முறை நிதானமாக மூச்சை உள்ளிழுத்து விடுங்கள். பிறகு தாளின் தலைப்பில் உள்ள நிபந்தனைகளைப் படியுங்கள். எத்தனை வினாக்களுக்கு விடையளிக்க வேண்டும்? எது கட்டாய வினா? தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பார்களா? யக்ஷனுக்கு நிபந்தனை இருந்தது போலவே இங்கும் உண்டு.

அடுத்து, காலத்தைப் பங்கிடுங்கள். மூன்று மணி நேரம், நூறு மதிப்பெண் என்று கொள்வோம். முழுத் தாளையும் படிக்க 10 நிமிடம், எழுதியதைச் சரிபார்க்க 20 நிமிடம் ஒதுக்கினால், எழுத 150 நிமிடம் மிஞ்சும். அதாவது ஒரு மதிப்பெண்ணுக்கு ஒன்றரை நிமிடம். பத்து மதிப்பெண் வினாவுக்குப் பதினைந்து நிமிடம். அந்த நேரம் கடந்தால், விடை முடியாவிட்டாலும் சிறிது இடம் விட்டு அடுத்த வினாவுக்குச் செல்லுங்கள். ஒரு வினாவின் மீதுள்ள பற்று, மற்ற வினாக்களுக்கு உரிய நேரத்தை விழுங்கிவிடக் கூடாது.

நன்றாகத் தெரிந்த வினாவை முதலில் எழுதுங்கள். அதனால் மனம் நிலைபெறும். மறந்ததாக நினைத்த செய்திகளும் மெல்லத் திரும்பி வரும். ‘விளக்குக’ என்றால் விளக்குங்கள். ‘ஒப்பிடுக’ என்றால் ஒப்பிடுங்கள். தெரிந்ததையெல்லாம் கொட்டுவது விடையாகாது. கேட்டதற்குச் சொல்வதே விடை.

தேர்வுக்கு முன்

பொய்கைக் கரையில் தருமர் எந்தச் சுவடியையும் புரட்டவில்லை. பல ஆண்டுகள் முனிவர்களிடம் கேட்டதும், கேட்டதைத் தம்முள் சிந்தித்ததும் அன்று கைகொடுத்தன. கேட்பதைச் சிரவணம் என்றும், கேட்டதை மனத்தில் திருப்பித் திருப்பி ஆராய்வதை மனனம் என்றும் நம் முன்னோர் வகுத்தார்கள்.

இன்றைய ஆய்வும் இதற்கு அருகில் வருகிறது. அமெரிக்க உளவியலாளர்களான ரோடிகரும் கார்பிக்கேயும் 2006-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாகவே சொன்னார்கள். ஆனால் ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது, ஒருமுறை படித்துவிட்டு, பிறகு புத்தகத்தைப் பாராமல் நினைவுகூர்ந்து எழுதியவர்களே அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள்.

ஆகவே நூலை மூடிவிட்டு, படித்ததை ஒரு வெள்ளைத் தாளில் எழுதிப் பாருங்கள். விடுபட்டதை மட்டும் மீண்டும் படியுங்கள். இரண்டு நாள் கழித்து மறுபடி எழுதுங்கள். சாமுண்டி மலையின் ஆயிரம் படிகளை ஒரே தாவலில் ஏறியவர் எவருமில்லை. அதற்காகத்தானோ என்னவோ, வழியில் பெரிய நந்தியின் முன் அனைவரும் சற்று இளைப்பாறுகிறார்கள். பாடமும் அப்படியே. தேர்வுக்கு முந்தைய இரவைத் தூக்கத்துக்குக் கொடுங்கள்.

முடிவு வந்த பின்

இவ்வளவும் செய்தபின் தோல்வி வந்தால்?

சென்னையில் பாட்டியிடம் வளர்ந்த ஒரு தமிழ் இளைஞர், மைசூரில் தலைமையாசிரியராக இருந்த தம் தந்தையிடம் வந்து சேர்ந்தார். உயர்நிலைப் பள்ளியை முடித்துப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வை எழுதினார், தோற்றார். தலைமையாசிரியரின் மகன் தோற்றால் ஊர் என்ன சொல்லும் என்று எண்ணிப் பாருங்கள். அந்த ஓராண்டை அவர் வாசிப்பிலும் எழுத்திலும் கழித்தார். குக்கரஹள்ளி ஏரிக்கரையில் நூலும் கையுமாக அமர்ந்திருந்தார். மறுபடி எழுதி, 1926-இல் தேறி மகாராஜா கல்லூரியில் சேர்ந்தார். பட்டம் பெறவும் வழக்கத்தைவிட ஓராண்டு கூடுதலாயிற்று. அவர்தாம் மால்குடியைப் படைத்த ஆர்.கே. நாராயண்.

தோற்றவர் அனைவரும் புகழ்பெறுவார்கள் என்று சொல்ல வரவில்லை. தோல்விக்குப் பின் ஓராண்டு இருக்கிறது, ஏரிக்கரை இருக்கிறது, மறுபடி எழுத ஒரு வாய்ப்பு இருக்கிறது என்பதையே சொல்கிறேன். அதை மறந்த வேதனையில் பல இளம் உயிர்கள் அணைந்துவிடுகின்றன. 2022-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் 13,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாக அரசின் கணக்கு கூறுகிறது. காரணங்கள் பல, தேர்வுத் தோல்வியும் அவற்றுள் ஒன்று. மனம் இருண்டுபோகும்போது தனித்திராதீர்கள். ஆசிரியரிடமோ நண்பரிடமோ பேசுங்கள். அரசின் ‘டெலி மானஸ்’ உதவி எண் 14416-ஐ எந்நேரமும் அழைக்கலாம்.

பெற்றோர்களே, முடிவு வந்த அன்று பிள்ளையிடம் மதிப்பெண்ணைக் கேட்பதற்கு முன், சாப்பிட்டாயா என்று கேளுங்கள்.

மாநிலங்களவை நியமன உறுப்பினரான நாராயண், 1989-இல் தம் முதல் உரையைப் பள்ளிக் குழந்தைகளின் புத்தகச் சுமைக்காகவே ஒதுக்கினார். தாம் பட்ட வருத்தம் பிறர்மீது பரிவாகக் கனிந்தது.

பொய்கைக் கரையிலும் இறுதி வினா அறிவைச் சோதிக்கவில்லை. ஒரு தம்பியை மட்டும் உயிர்ப்பிக்கலாம் என்றபோது, தருமர் வில் வீரனான அருச்சுனனையோ வலிமைமிக்க பீமனையோ கேட்கவில்லை. குந்தியின் மகனாகத் தாம் இருப்பதுபோல மாத்ரிக்கும் ஒரு மகன் வேண்டும் என்று நகுலனைக் கேட்டார். அந்த நியாய உணர்வில் மகிழ்ந்த யக்ஷன் நால்வரையும் எழுப்பினான்.

நிதானத்தோடு கேளுங்கள், பணிவோடு எழுதுங்கள், பலனை இறைவனிடம் விட்டுவிடுங்கள். அறையைவிட்டு வெளியே வரும்போது, அழுதுகொண்டிருக்கும் தோழன் ஒருவன் தென்பட்டால் அவன் தோளில் கைவையுங்கள். அன்றைய தேர்வின் கடைசி வினா அதுதான்.