உபவாசமும் உடல் மோகமும்



சென்ற தசலட்சண பர்வத்தின்போது எங்கள் ஊர்ப் பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தி பத்து நாட்களும் ஒருபொழுது உண்டு நோன்பிருந்தாள். ஜினாலயத்தில் அவளைப் பலர் முன்னிலையில் நிறுத்தி, "இவளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்" என்று ஏனைய பிள்ளைகளுக்கு எடுத்துரைத்தவள் நானே. பர்வம் முடிந்து ஒரு திங்களாகியும் அவள் சரியாக உண்ணவில்லை. "இன்று அட்டமி, பாட்டி", "இன்று சதுர்த்தசி, பாட்டி" என்று நாளுக்கொரு காரணம் கூறினாள். ஒரு நாள் அபிடேகத்தின்போது மயங்கி விழுந்தாள். பின்னரே உண்மை வெளிவந்தது. இன்ஸ்டாகிராமில் மெலிந்த மங்கையர் தம் இடையை அளந்து காட்டி, உண்ணும் கலோரியை எண்ணிக் கூறும் படங்களை அவள் இரவெல்லாம் பார்த்து வந்திருக்கிறாள். "நோன்பு என்றால் யாரும் கேள்வி கேட்க மாட்டீர்கள் அல்லவா?" என்று தாயிடம் அழுதாளாம். அச்சொல் என்னை இன்றளவும் உறங்கவிடவில்லை.

விரதி என்பவன் சல்லியம் நீங்கியவன் என்று தத்துவார்த்த சூத்திரத்தில் உமாசுவாமிகள் வரையறுக்கிறார். சல்லியம் என்றால் உள்ளே தைத்த முள். மாயை, மித்தியாத்துவம், நிதானம் என அது மூன்று. இங்கே நிதானம் என்பது நாம் வழக்கில் கூறும் பொறுமையன்று. தவத்திற்கு விலையாக உலகப் பயன் ஒன்றை விரும்புதல். மெல்லிய இடையை வேண்டிப் பட்டினி கிடப்பது இம்முள்ளேயன்றி வேறென்ன? அதை நோன்பென்று மறைத்தால் மாயை என்னும் முள்ளும் உடன் தைக்கிறது.

எட்டு மதங்களுள் உடலழகுச் செருக்கும் ஒன்று என்பதை நாம் அறிவோம். உடலை வெறுத்து நாணுவதும் அச்செருக்கின் மறுபுறமே என்பதை மறந்துவிடுகிறோம். நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் மூன்றாவதான நிர்விசிகிச்சை, உடலை அருவருக்காதே என்றுதானே பணிக்கிறது? நெடியதும் குறியதுமாகிய வடிவெல்லாம் நாமகருமத்தின் விளைவு. உயிருக்கு எடையேது, இடையேது?

2021ஆம் ஆண்டு பேஸ்புக் நிறுவனத்தின் உள் ஆவணங்கள் சில வெளியாயின. தம் உடலைப் பற்றி மனம் நொந்திருந்த வளரிளம் பெண்களில் 32 விழுக்காட்டினர், இன்ஸ்டாகிராம் அந்நோவை மேலும் மிகுவித்தது என்று கூறியதாக அந்நிறுவனத்தாரின் சொந்த ஆய்வே குறித்திருந்தது. 2025 ஜூனில் டிக்டாக் நிறுவனம், மிகை மெலிவைப் போற்றும் ஒரு குறிச்சொல்லைத் தன் தேடலிலிருந்து நீக்கியது. சொல்லை நீக்கலாம், படங்கள் வேறு பெயரில் வாராவோ?

ஆயினும் கைபேசியின் மேல் மட்டும் பழியைச் சுமத்த என் மனம் ஒப்பவில்லை. திருமண வீட்டில் குழந்தையைக் கண்டதும், "என்ன, பூசணிபோல் ஊதிவிட்டாய்!" என்பது யார்? பள்ளி விளையாட்டு விழாவில் பருத்த சிறுமியரைக் கடைசி வரிசையில் நிறுத்தியவள் நான். அன்று அதை ஒழுங்கு என்று எண்ணினேன். அவர்களுள் ஒருத்தி, பேத்தி எடுத்த பின்னும், அதை என்னிடம் நினைவூட்டினாள்.

பதினாறு பாவனைகளுள் "சக்திக்கேற்ற தவம்" என்பது ஒன்று. வளரும் பிள்ளையின் சக்தி வளர்ச்சிக்கே வேண்டியது. ஆகவே பிள்ளைகள் நோன்பு கேட்டால், பாராட்டுமுன் காரணத்தைக் கேளுங்கள். எத்தனை நாள் நோற்றாள் என்று அவையில் எண்ணிச் சொல்லும் வழக்கத்தைச் சிறுவர் அளவிலாவது விட்டுவிடுவோம். பொழுது சாயுமுன் உண்ணும் நம் வழக்கம் நல்லது. பள்ளி விட்டு வரும் பிள்ளைக்குப் பருப்பும் நெய்யும் சோறும் அதற்குள் ஆயத்தமாக இருத்தல் வேண்டும். மாதவிலக்கு நின்றாலோ, முடி கொட்டினாலோ, உணவை ஒளித்து வைத்தாலோ மருத்துவரிடம் செல்லுங்கள். மனநல மருத்துவர் என்றால் நாணம் எதற்கு?

அச்சிறுமி இப்போது சிகிச்சையில் இருக்கிறாள், முற்றும் தேறவில்லை. வரும் பர்வத்தில் அவளுக்கு நோன்பு இல்லை. நாள்தோறும் சாத்திரம் வாசிக்கும் பணியை அவளே கேட்டுப் பெற்றிருக்கிறாள். அவள் வாசிக்கையில் பொருள் கூறுவது என் பொறுப்பு.