விருந்தா, சுற்றமா?

வீட்டில் ஒரு பிள்ளை வெளிநாட்டில் வேலை செய்கிறான் என்றால், அந்த நாட்டையே நம் குடும்பத்துக்குப் பட்டா எழுதிக் கொடுத்துவிட்ட மாதிரி நமக்கு ஒரு நினைப்பு வந்துவிடுகிறது. ஜுருவில் எங்கள் தாமானில் பள்ளி விடுமுறை நெருங்கினால் ஏதாவது ஒரு வீட்டில் இந்த வசனம் கேட்கும்: “அங்கதான் நம்ம தம்பி இருக்கானே, ஹோட்டல் எதுக்கு?” ஒரு வீட்டுக்குச் சிங்கப்பூரில் தம்பி, இன்னொரு வீட்டுக்குப் பெர்த்தில் அக்கா. எங்கள் குடும்பத்துக்குப் பாங்காக்கில் பெரியப்பா மகன்.

நண்பர்களே, இதில் ஒரு தர்மக் கேள்வி இருக்கிறது. வந்தவரை எப்படி வரவேற்க வேண்டும் என்று நமக்குச் சின்ன வயதிலிருந்தே சொல்லித் தருகிறார்கள். தண்ணீர் கொடு, உட்காரச் சொல், முகம் சுளிக்காதே. சரி. ஆனால் இன்னொருவர் வீட்டுக்குப் போகிறவருக்கு என்ன கடமை? அதை யார் நமக்குச் சொல்லித் தந்தார்கள்?

முதலில் நிலவரம். அண்ணன் பாங்காக்குக்கு வடக்கே ஒரு தொழிற்பேட்டையில் பொறியாளர். அண்ணியும் அவரும் இருப்பது ஒரே ஒரு படுக்கையறை கொண்ட அடுக்குமாடி வீடு. போன செமஸ்டர் விடுமுறையில் ஒரு மாதம் அங்கே தங்கினேன். ஜுருவிலிருந்து போவது இப்போது பெரிய விஷயமே இல்லை. புக்கிட் மெர்தாஜாமில் கொமுட்டர் ஏறினால் பாடாங் பெசார். அங்கே எல்லைச் சோதனை முடித்து, சாயங்காலம் படுக்கை ரயில் ஏறினால் மறுநாள் காலை பாங்காக். விமானம் என்றால் பினாங்கிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். இவ்வளவு பக்கத்தில் இருப்பதுதான் வம்பு. அமெரிக்காவில் இருக்கிற மச்சானை யாரும் “அடுத்த வாரம் வர்றோம்”னு சொல்லிக் கிளம்புவதில்லை.

தாய்லாந்துத் தொழிலாளர் சட்டப்படி, ஒரு வருஷம் முழுசாக வேலை செய்தவருக்கு ஆண்டு விடுப்பு குறைந்தது 6 நாள். அண்ணனுக்கு அந்த 6-தான், ஒரு நாள்கூட அதிகமில்லை. சென்ற ஆண்டு ஏப்ரலில் சோங்க்ரானுக்குப் பள்ளித் தோழர்கள் நாலு பேர் வந்தார்கள். பண்டிகை முடிந்தும் போகவில்லை. “பட்டாயா பார்க்காம எப்படிடா”ன்னு இழுத்ததில் 2 நாள் போச்சு. ஜூனில் மாமா குடும்பம், 2 நாள். செப்டம்பரில் அத்தையும் அத்தை வீட்டுச் சம்பந்தியும், இன்னொரு 2 நாள். தீபாவளிக்கு ஊருக்கு வர அவருக்கு விடுப்பு இல்லை. அங்கே தீபாவளி பொதுவிடுமுறை கிடையாது. “பாரேன், நல்ல நாளுக்குக்கூட வீட்டுப் பக்கம் வரல, அங்கேயே செட்டிலாயிட்டான்”னு இங்கே குறைப்பட்டுக்கிட்டவங்க யாருன்னு நினைக்கிறீங்க? அதே மாமா, அதே அத்தை.

காசைப் பற்றி நான் விவரமாக எழுதப் போவதில்லை. கடன் வாங்கித்தான் சுற்றிக் காட்டினார் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த நாட்டின் 1979-ஆம் ஆண்டுக் குடிநுழைவுச் சட்டப்படி, வெளிநாட்டவர் ஒருவர் வீட்டில் தங்கினால், வீட்டுப் பொறுப்பில் இருப்பவர் 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். ‘டி.எம். 30’ என்பார்கள். அண்ணனும் 90 நாளுக்கு ஒருமுறை தான் இன்ன முகவரியில்தான் இருக்கிறேன் என்று குடிநுழைவுத் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். ஆக அவரே அங்கே விருந்தாளி. விருந்தாளியின் வீட்டுக்கு நாம் விருந்தாளியாகப் போய், “ஏசி ஏன் சரியா குளிரல?”ன்னு கேட்கிறோம்.

இதை வீட்டில் பேசியபோது அப்பா நம் நூல்களைத்தான் எடுத்து வைத்தார். வந்தவரைத் தெய்வமாக நினை என்கிறது தைத்திரீய உபநிடதம். திருக்குறளில் 9-ஆம் அதிகாரம் முழுக்க விருந்தோம்பல். பெரியபுராணத்தில் இளையான்குடி மாறனார் கதை நமக்கெல்லாம் தெரியும். செல்வமெல்லாம் கரைந்து வறுமையில் இருக்கிற வீடு. மழை கொட்டுகிற ராத்திரியில் ஓர் அடியார் பசியோடு வந்து நிற்கிறார். வீட்டில் ஒரு மணி அரிசி இல்லை. அன்று பகலில் விதைத்த நெல்லையே வயலிலிருந்து வாரிக்கொண்டு வருகிறார் மாறனார். அடுப்பெரிக்க விறகில்லாமல் வீட்டுக் கூரைக் கட்டையைப் பிடுங்குகிறார். “அப்படி வாழ்ந்த பரம்பரைடா நாம”ன்னார் அப்பா.

கதையை நானும் நம்புகிறேன். ஆனால் அதில் யார் இடத்தில் நாம் நிற்கிறோம் என்று பார்க்க வேண்டாமா? மாறனாராக இருப்பது அண்ணன். அந்த வீட்டுக்கு வந்தவர் சிவபெருமான். சோதிக்க வந்தார், கடைசியில் காட்சி கொடுத்தார். நாம் அடுத்தவர் வீட்டுக் கூரைக் கட்டையைப் பிடுங்க வைத்துவிட்டு என்ன காட்சி கொடுக்கப் போகிறோம்? டூட்டி ஃப்ரீ சாக்லேட் ஒரு பை. சோதிக்கிற உரிமை இறைவனுக்கு உண்டு. மாமாவுக்கு இல்லை. (மாமா இந்த இதழைப் படிப்பார். படிக்கட்டும்.)

வள்ளுவரிடம் எனக்கு இன்னும் தெளிவான பதில் கிடைத்தது. இல்வாழ்க்கை அதிகாரத்தில், இல்லறத்தில் இருப்பவன் காக்க வேண்டியவர்களாக ஐந்து பேரைச் சொல்கிறார்: இறந்துபோன முன்னோர், தெய்வம், விருந்தினர், சுற்றத்தார், ஐந்தாவதாகத் தான். இங்கே இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். விருந்தினர் வேறு, சுற்றத்தார் வேறு என்று தனித்தனியாகச் சொல்கிறார். ‘விருந்து’ என்ற சொல்லுக்கே பழந்தமிழில் புதுமை என்றுதான் பொருள். விருந்தினர் என்றால் புதிதாக வந்தவர், முன்பின் தெரியாதவர். அவர் முன்னால் நம் கஷ்டத்தைக் காட்டக் கூடாது, ஏனென்றால் அவர் வாடிப்போவார். அத்தையும் மாமாவும் விருந்து அல்ல, சுற்றம். சுற்றம் சமையலறை வரைக்கும் வரலாம், காலி அரிசி டப்பாவைத் திறந்து பார்க்கலாம், “என்னப்பா இது?”ன்னு கேட்கலாம். நாம் என்ன செய்கிறோம் என்றால், சுற்றத்துக்குரிய உரிமையோடு வீட்டுக்குள் நுழைந்து, விருந்துக்குரிய மரியாதையை எதிர்பார்க்கிறோம். இரண்டு வரிசையிலும் நின்று இரண்டு தட்டு வாங்குகிற மாதிரி.

இரண்டாவது விஷயம், அந்த ஐந்தாவது ஆள். தன்னையும் காத்துக்கொள்வது கடமையில் சேர்த்தி என்கிறார். சுயநலம் என்று அதைத் தள்ளவில்லை. பொறியியல் படிக்கிற எனக்கு இது உடனே புரிகிறது. தூண் தன் சொந்த எடையையும் சேர்த்துத்தான் தாங்க வேண்டும். அதை விட்டுவிட்டு யாரும் கணக்குப் போடுவதில்லை.

“உறவுல கணக்குப் பார்க்காதே”ன்னார் அப்பா. அது லேசாகத் தள்ளிவிடக்கூடிய வார்த்தை இல்லை. கணக்குப் பார்த்தே வாழ்கிற குடும்பங்கள் எப்படி இருக்கின்றன என்று நமக்குத் தெரியும். சாவு வீட்டில்தான் சந்தித்துக்கொள்கிறார்கள். அண்ணிகூட அப்பா பக்கம்தான். துணைவியார் விசாவில் இருப்பதால் அவர் அங்கே வேலை செய்ய முடியாது. பகல் முழுக்கத் தனிமை. அவர் என்னிடம் சொன்னது: “அவங்க போனதும் ரெண்டு நாளைக்குத் தலையணை உறையத் துவைக்க மனசு வராதுடா.” அதனால் போகவே வேண்டாம் என்று சொல்கிற உரிமை எனக்கில்லை. போகாமல் இருப்பது இன்னும் பெரிய பாவம்.

அப்படியானால் கோளாறு எங்கே? பொய்யில் என்று நினைக்கிறேன். வந்தவர்கள் கேட்டபோதெல்லாம் அண்ணன் “நல்லா இருக்கேன், சம்பளம் பரவால்ல”ன்னார். குற்றமில்லாத நன்மை விளையுமென்றால் பொய்க்கும் இடம் கொடுக்கிறது வாய்மை அதிகாரம். அந்தச் சலுகை இந்தப் பொய்க்குப் பொருந்துமா? மாமா ஊருக்கு வந்து, தாய்லாந்தில் காசு கொட்டுகிறது என்று சொல்லிவிட்டார். அதைக் கேட்டு, படிவம் 5 முடித்த எங்கள் உறவுக்காரப் பையன் ஒருவன் “தாய்லாந்தில் வேலை, தங்குமிடம் இலவசம்”னு கைப்பேசியில் வந்த விளம்பரத்துக்குப் பதில் எழுத ஆரம்பித்தான். இப்படிப்பட்ட விளம்பரங்களை நம்பிப் போன மலேசியர்கள் மே சோட் எல்லை வழியாக மியான்மாரின் மியாவாடிப் பக்கம் கொண்டுபோகப்பட்டு, மோசடிக் கூடாரங்களில் அடைக்கப்பட்ட செய்திகள் நமக்குப் புதிதல்ல. நல்ல வேளை, அண்ணனே போன் செய்து தடுத்துவிட்டார். மரியாதைக்காகச் சொன்ன ஒரு வார்த்தை எத்தனை தூரம் போகிறது பாருங்கள். அந்தப் பொய்யில் கேட்டவர்களுக்கும் பங்கு உண்டு. “நல்லா இருக்கேன்” என்ற பதிலைத் தவிர வேறெதையும் காதில் வாங்கிக்கொள்ள அவர்கள் தயாராக வரவில்லை.

நான் தங்கிய மாதத்தில் அண்ணன் என்னை எங்கும் சுற்றிக் காட்ட வேண்டாம் என்று முதல் நாளே பேசி வைத்துக்கொண்டோம். சாப்பாட்டுக் காசை அண்ணியிடம் கொடுத்துவிட்டேன். விடியற்காலை தொழிற்சாலை பேருந்துக்கு அவர் ஓடுவதைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை சைவம் என்பதால் அன்று மட்டும் கடையில் சாப்பிட மாட்டார். காய்கறிப் பிரட்டலில்கூட மீன் சாறு ஊற்றிவிடுவார்கள். சிவப்பு எழுத்துப் போட்ட மஞ்சள் கொடி தொங்குகிற சைவக் கடையைத் தேடி ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று சந்து நடந்தோம். எனக்கு அதுதான் பாங்காக்.

சீலோம் சாலையில் இருக்கும் மகா மாரியம்மன் கோயிலுக்கும் போனோம். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தமிழர்கள் எழுப்பிய கோயில். உள்ளே மாலையோடு நிற்பவர்களில் பெரும்பாலோர் தாய்லாந்துக்காரர்கள். விஜயதசமி இரவில் சீலோம் சாலையே அம்மனுக்காக ஒதுங்கி நிற்குமாம். ஊரார் இந்தக் கோயிலை ‘வாட் கேக்’ என்கிறார்கள். தாய் மொழியில் ‘கேக்’ என்றால் விருந்தாளி. நம்மைப் போன்ற இந்தியர்களையும், மலாய்க்காரர்களையும்கூட அதே சொல்லால்தான் குறிக்கிறார்கள். நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் விருந்தாளிதானா என்று எனக்குச் சுருக்கென்றது. நம் நாட்டில் நம்மைப் பார்த்து யாராவது ‘பெண்டாதாங்’ என்றால் வருகிற அதே சுருக். அண்ணன் சிரித்தார். “விருந்தாளி கட்டின கோயில்ல வீட்டுக்காரங்க வந்து கும்பிடுறாங்கடா. விருந்தாளி என்ன விட்டுட்டுப் போனான்றதுதான் கணக்கு.”

கடைசி வாரம் பெரியம்மா வந்தார், அண்ணனின் அம்மா. கையில் முறுக்கு டின்னும், அக்கம்பக்கத்தார் எழுதிக் கொடுத்த சாமான் பட்டியலும். சனிக்கிழமை பிராத்துனாம் சந்தைக்குப் போகலாம் என்று கிளம்பியவரை அண்ணன் காஞ்சனபுரிக்கு அழைத்துப் போனார். பாங்காக்கிலிருந்து மேற்கே சுமார் 130 கிலோமீட்டர். சயாம் மரண ரயில் போட்ட இடம். 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்த 415 கிலோமீட்டர் பாதை. நல்ல கூலி என்று ஆசை காட்டியும், ஆள் பிடித்தும் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களை ஆயிரக்கணக்கில் அங்கே கொண்டுபோனார்கள். காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் செத்தார்கள். பெரியம்மாவின் தாத்தா ஒருவர் அப்படிப் போனவர், திரும்பி வரவில்லை.

போர்க்கைதிகளாக இறந்த வெள்ளைக்கார வீரர்களுக்கு அங்கே அழகான கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஏறக்குறைய 7,000 கல்லறைகள், பெரும்பாலானவற்றில் பெயர் உண்டு. நம் ஆட்களுக்கு அப்படித் தனித்தனிக் கல் இல்லை. வாட் தாவோர்ன் என்கிற புத்த விகாரையில் ஆசியத் தொழிலாளர்களுக்கென்று பொதுவான நினைவிடம் ஒன்று இருக்கிறது. அண்மையில் தமிழர்களுக்கு ஒரு நடுகல்லும் நட்டிருக்கிறார்கள். அண்ணனும் அண்ணியும் சில மாதங்களுக்கு ஒருமுறை அங்கே போய்ச் சூடம் ஏற்றுவார்களாம். ஊரிலிருந்து வந்த யாரையும் இதுவரை கூட்டிப் போனதில்லை, யாரும் கேட்டதுமில்லை.

பெரியம்மா ரொம்ப நேரம் அந்தக் கல் முன்னால் உட்கார்ந்திருந்தார். “இவங்களப் பார்க்க அப்போ யாரு வந்திருப்பா”ன்னு மட்டும் ஒரு தடவை சொன்னார். திரும்பும்போது வேனில் பட்டியலை எடுத்துப் பார்த்தார், மடித்துப் பைக்குள் வைத்தார்.

“ஏம்பா, வீட்டு வாடகை எவ்வளவு கட்டுற?”

அண்ணன் அண்ணியைப் பார்த்தார். பிறகு உள்ளபடியே சொன்னார்.