எடுத்தலும் வைத்தலும்

தீபாவளி நெருங்கும்போது நம் இல்லங்களில் ஒட்டடை அடித்தலும் சுவருக்கு வண்ணம் பூசுதலும் தொடங்கிவிடுகின்றன. வர்த்தமான மகாவீரர் வீடுபேறு எய்திய நன்னாளை வரவேற்க இல்லம் தூய்மையாக இருத்தல் வேண்டும் என்பது நம் மரபு. ஆயினும், சிறு குழந்தைகள் உள்ள வீடுகளில் கோபக்குரலும் அழுகுரலும் மிகுதியாகக் கேட்பதும் அந்நாட்களில்தான். இல்லத்தை நாம் ஒழுங்கு செய்வது யாருக்காக? வந்து செல்லும் விருந்தினரின் கண்களுக்காகவா, அங்கு வாழும் உயிர்களுக்காகவா?

வந்தவாசி, ஆரணிப் பகுதிச் சிற்றூர்களிலிருந்து வேலையின் பொருட்டு வெளியேறியோருள் சிலர், திருவள்ளூர் மாவட்டத்தின் தொழிற்பகுதிகளுக்கும் வந்து சேர்ந்தனர். நாமும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டை அடுத்த ஒரு வாடகை வீட்டில் சில ஆண்டுகள் வாழ்ந்தோம். ஊரில் திண்ணை, முற்றம், நெற்குதிர், பரண் என்று பொருள்களுக்கும் குழந்தைகளுக்கும் தனித்தனியே இடம் இருந்தது. இங்கோ ஒரு கூடம், ஓர் அறை, ஒரு சமையலறை. கட்டிலும் பீரோவும் கண்ணாடி அலமாரியும் போக எஞ்சிய தரையே குழந்தையின் உலகம்.

ஒரு தீபாவளிக்கு முன்பு, நம் ஐந்து வயது மகன் பழவேற்காட்டுக் கரையில் பொறுக்கி வந்து ஓர் அட்டைப் பெட்டியில் சேர்த்து வைத்திருந்த சிப்பிகளையும் கூழாங்கற்களையும் குப்பை என்று எறிந்துவிட்டோம். பள்ளியிலிருந்து வந்தவன் நெடுநேரம் அழுதான். பின்னர்க் கண்ணாடி அலமாரியைக் காட்டி, “அந்தப் பொம்மைகளோடு யாருமே விளையாடுவதில்லையே அம்மா, அவற்றை ஏன் எறியவில்லை?” என்று கேட்டான். நம்மிடம் விடை இல்லை.

கொடாததை எடுத்தல் களவு என்று நம் ஆகமங்கள் கூறுகின்றன. அண்டை வீட்டாரின் பொருளாயின் கேட்டே எடுத்திருப்போம். குழந்தையின் பொருளாயின் கேட்க வேண்டுவதில்லை என்று எண்ணியது எதனால்? அவன் சிறியவன், எதிர்க்க வலியற்றவன் என்பதனாலன்றோ? தீங்கு தரும் பொருளை அகற்றும் உரிமை பெற்றோர்க்கு உண்டு. அது கடமையும் ஆகும். ஆனால் அச்சிப்பிகள் நம் கண்ணுக்கு இடையூறாக இருந்தனவேயன்றி எவர்க்கும் தீங்கு செய்யவில்லை. ஓட்டினுள் உயிர் உள்ளதா என்று பார்த்து எடுக்குமாறு கடற்கரையிலேயே அவனுக்குக் கற்பித்திருக்க வேண்டும். கற்பிக்க வேண்டிய இடத்தில் வாளாவிருந்து, தண்டிக்கக் கூடாத இடத்தில் தண்டித்தோம்.

உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில், பொருளின்பால் உள்ளம் கொள்ளும் மயக்கத்தையே பரிக்கிரகம் என்று விளக்குகிறார். அவ்வாறாயின், மகனின் சிப்பிகள் மட்டுமல்ல, நம் அலமாரிப் பொம்மைகளும் அதில் அடங்கும். ஏன், ‘நம் வீடு மாசு மறுவற்றதாகத் தோன்ற வேண்டும்’ என்ற வேட்கையும் மயக்கமே. குறைந்த பொருளுள்ள வீட்டிலும் அது குடிகொள்ளக் கூடும்.

எனில், ஒழுங்கே வேண்டாமா? வேண்டும். முனிவர்க்கு உரிய ஐந்து சமிதிகளுள் ஒன்று ஆதான நிக்ஷேபண சமிதி. எந்தப் பொருளை எடுக்கும்போதும் வைக்கும்போதும் அங்கு உயிர் உண்டா என்று நோக்கி, ஊறு நேராவண்ணம் எடுத்தலும் வைத்தலும் அதன் பொருள். இல்லறத்தார்க்கு இது முழுமையாக இயலாது. ஆயினும் வீட்டை ஒழுங்கு செய்வதற்கு இதனினும் சிறந்த வழிகாட்டி இல்லை. உணவுத் துகள் சிந்தாமல், பாத்திரத்தை இரவில் கழுவாது விடாமல், பழந்துணியைக் குவிக்காமல் இருந்தால் கரப்பும் எறும்பும் பெருகா. நஞ்சு தெளிக்கும் பாவமும் நேராது. ஒழுங்கு என்பது கொல்லாமையின் முன்னேற்பாடு.

தொழிற்பகுதியில் வாழ்வோர்க்கு இதில் மற்றொரு பொறுப்பும் உண்டு. கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் ஆலைகளோடு, பழைய பேட்டரிகளிலிருந்து ஈயம் பிரிக்கும் ஆலைகளும் உள்ளன. ஈயத்தூசி தொழிலாளியின் உடையில் ஒட்டி இல்லம் வரை வரக்கூடியது. தரையில் தவழ்ந்து, விரலை வாயில் வைக்கும் குழந்தையின் உடல், பெரியோரினும் நான்கைந்து மடங்கு ஈயத்தை ஏற்றுக்கொள்ளக் கூடும் என்றும், தீங்கற்றது என்று சொல்லத்தக்க ஈய அளவு எதுவும் அறியப்படவில்லை என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அது மூளை வளர்ச்சியைத் தாக்கும். ஆகவே ஆலை உடையை வாயிலருகே களைந்து, குளித்த பின்னரே குழந்தையைத் தூக்குதல் வேண்டும். அவ்வுடையைத் தனியே துவைத்தல் வேண்டும்.

சுவரின் வண்ணமும் அத்தகையதே. வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சம் பங்கிற்கு 90 பங்கிற்கு மேல் ஈயம் இருத்தலாகாது என்னும் மத்திய அரசின் விதி 2016இல் வெளியாகி, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசிய கதவு, சன்னல்களில் ஈயம் மிகுந்திருக்கலாம். அவற்றைக் குழந்தைகள் உள்ளபோது உலர்வாகச் சுரண்டித் தேய்த்தல் கூடாது. எறும்பு முதலியன இல்லை என்று கண்டு, ஈரத்துணியால் தரையைத் துடைத்தல் நன்று. கண்ணாடி அலமாரியைத் துடைக்க நாம் செலவிட்ட நேரத்தைத் தரைக்குச் செலவிட்டோமா என்று எண்ணிப் பார்க்கிறோம்.

மறு ஆண்டில் ஒரு மாற்றம் செய்தோம். மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதம், அளவை ஒருவர் தாமே வரையறுத்துக் கொள்வது; பிறர்மேல் சுமத்துவதன்று. எனவே முதலில் நம் அலமாரியைக் குறைத்தோம். அதன் கீழ்த்தட்டு ஒன்றை மகனுக்குக் கொடுத்து, அதில் அடங்குவது அவனுடையது, அடங்காததை என்ன செய்வது என்பதையும் அவனே முடிவு செய்யலாம் என்றோம். இரண்டு நாட்கள் எடுத்தும் வைத்தும் பார்த்தான். பின்னர் ஒரு மரவண்டியைப் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குத் தானே கொண்டு போய்க் கொடுத்தான். சிப்பிகளை நாம் எறியாதிருந்தால் எதை வைத்திருப்பான், எதை விட்டிருப்பான் என்பதை இனி அறிய இயலாது.

இவ்வாண்டும் விழாவிற்கு இல்லத்தைத் தூய்மை செய்வோம். குழந்தையின் பெட்டியைத் திறக்குமுன் அதனிடம் ஒரு சொல் கேட்போம். நம் கையில் உள்ளதை எடுக்கும்போதும் வைக்கும்போதும் ஓர் உயிரும் நோகாத இல்லமே அழகிய இல்லம்.