வராதவர்களின் கணக்கு

சரவணம்பட்டி 2011-இல் கோவை மாநகராட்சியோடு சேர்ந்தது. சத்தி ரோட்டில் ஐ.டி. கட்டடங்களும் அடுக்குமாடிகளும் எழுந்துவிட்டன, ஆஸ்பத்திரிக்கும் பஞ்சமில்லை. பிறகு வீடு வீடாக வரும் சுகாதார செவிலியர் எதற்கு?

ஆஸ்பத்திரி நர்ஸ் வந்தவரைக் கவனிக்கிறார். வீடு வீடாக வரும் செவிலியருக்கோ வராதவர்தான் வேலை: தடுப்பூசித் தேதி தாண்டிய குழந்தை, சர்க்கரை மாத்திரையைப் பாதியில் விட்ட பெரியவர், கட்டட வேலைக்கு வந்து தகரக் கொட்டகையில் தங்கியிருக்கும் வடமாநிலக் கர்ப்பிணி. அடுத்த ஊசிக்குள் அந்தக் குடும்பம் வேறு சைட்டுக்குப் போயிருக்கும். ஆனாலும் கொட்டகைக்குள் நுழைவது சுலபம். அடுக்குமாடி வாட்ச்மேனைத் தாண்டுவதுதான் பெரும்பாடு என்பேன்.

1893-இல் செவிலியர் லில்லியன் வால்ட் நியூயார்க்கின் ஏழைக் குடியிருப்புகளில் படியேறியதும் வராதவர்களைத் தேடித்தான். 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் பி.பி., சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்தது. மாத்திரையைக் கொடுத்துவிடலாம், விழுங்க வைப்பதற்குப் பேச்சு வேண்டும், பொறுமை வேண்டும். ரத்தக் கொதிப்பு பெரும்பாலும் அறிகுறி காட்டாது. “ஒண்ணுமில்லீங்க, நல்லாத்தான் இருக்கறனுங்க” என்கிற வீட்டில்தான் பி.பி. கருவியை முதலில் எடுக்க வேண்டியிருக்கிறது.