ஏமாறாதவனின் இடம்

வெகுஜனத் தொடர்பு சாதனங்களுக்கும் அரசியலுக்கும் உள்ள உறவைப் பல்கலைக் கழகத்தில் பாடமாகப் படிப்பது இன்று சகஜமாகிவிட்டது. பட்டம் தருகிறார்கள், ஆய்வேடுகள் எழுதப்படுகின்றன, கருத்தரங்குகள் நடக்கின்றன. இப்படிப்பின் பயன் என்ன என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கிறது: இதைப் படித்தவன் எளிதில் ஏமாறமாட்டான். பத்திரிகையும் சினிமாவும் தொலைக்காட்சியும், இப்போது கைபேசியும், அரசியலுக்காக என்னென்ன காரியங்கள் செய்கின்றன என்று தெரிந்துகொண்டவன் அந்த அளவுக்கு அவற்றின் பிடியிலிருந்து விடுபட்டவன்.

இந்தப் பதில் எனக்குத் திருப்தி தரவில்லை. தெரிந்துகொள்வதற்கும் விடுபடுவதற்கும் இடையே உள்ள உறவு இவ்வளவு நேரானதா? அதைவிட முக்கியமாக, இந்தப் பதிலைச் சொல்கிறவன் தன்னை எந்த இடத்தில் நிறுத்திக்கொண்டு சொல்கிறான்? பாடத்திட்டம் பற்றிய கேள்வியாகத் தோன்றினாலும், அடிப்படையில் இது ஒழுக்கம் பற்றிய கேள்வி.

இத்துறை தோன்றிய விதத்தைப் பார்த்தாலே சில விஷயங்கள் தெளிவாகும். முதல் உலகப் போரில் ஒவ்வொரு நாடும் செய்த பிரசாரத்தை ஆராய்ந்து ஹெரால்ட் லாஸ்வெல் 1927ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். இத்துறையின் ஆரம்ப நூல்களில் அது ஒன்று. பிரசாரம் என்பது ஒரு கருவி, நல்லது கெட்டது அதைப் பிடிக்கும் கையைப் பொறுத்தது என்பது அவர் பார்வை. இரண்டாம் உலகப் போர் வந்தபோது அமெரிக்க அரசுக்காகப் போர்க்காலத் தகவல் தொடர்பு பற்றிய ஆராய்ச்சிப் பிரிவொன்றுக்கு அவரே தலைமை வகித்தார். இதில் முரண்பாடு எதுவும் இல்லை. பூட்டு எப்படித் திறக்கிறது என்பதைத் துல்லியமாக எழுதியவனை வீட்டுக்காரனும் தேடுவான், திருடனும் தேடுவான். அறிவு தன்னளவில் யார் பக்கமும் சாய்வதில்லை.

பால் லாஸர்ஸ்ஃபெல்ட் இன்னும் தெளிவான உதாரணம். 1937ல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் பணத்தில் தொடங்கிய வானொலி ஆராய்ச்சித் திட்டத்துக்கு அவர் பொறுப்பாளர். 1940 ஜனாதிபதித் தேர்தலின்போது ஒஹையோ மாநிலத்தில் ஒரே ஒரு மாவட்டத்தை எடுத்துக்கொண்டு, அறுநூறு வாக்காளர்களை மாதா மாதம் திரும்பத் திரும்பப் பேட்டி கண்டார்கள். கிடைத்த முடிவு பலருக்கு வியப்பாக இருந்தது. பிரசாரத்தால் மனம் மாறியவர்கள் மிகச் சிலர். பெரும்பாலோர் ஏற்கனவே சாய்ந்திருந்த பக்கமே உறுதிப்பட்டார்கள். வானொலியைவிட, அக்கம்பக்கத்தில் விஷயம் தெரிந்தவர் என்று மதிக்கப்பட்ட மனிதரின் பேச்சுக்கு அதிக மதிப்பு இருந்தது.

ஆராய்ச்சி நேர்மையானது, முடிவும் அரியது. ஆனால் கேள்வி யாருடையது? யார் கேட்கிறார்கள், எவ்வளவு நேரம் கேட்கிறார்கள், கேட்டபின் என்ன செய்கிறார்கள் என்பதெல்லாம் மைக்குக்கு முன்னால் நின்று பேசுகிறவனின் கேள்விகள். கேட்டுக்கொண்டிருப்பவனின் கேள்வி வேறு மாதிரியானது. எனக்கு ஏன் இதைச் சொல்கிறார்கள், எதைச் சொல்லாமல் விடுகிறார்கள், இதைக் கேட்டபின் நான் யாராக ஆகிறேன்? இந்தத் திட்டத்தில் 1938ல் வந்து சேர்ந்த அடோர்னோ, ரசனையை எண்களால் அளந்து காட்டும்படி கேட்கப்பட்டபோது சம்மதிக்க முடியாமல் திணறி, சில ஆண்டுகளிலேயே விலகிப்போனார். லாஸர்ஸ்ஃபெல்ட் பெருந்தன்மையானவர். 1941ல் எழுதிய கட்டுரையில் நிர்வாகத்துக்குப் பயன்படும் ஆராய்ச்சி, விமர்சன ஆராய்ச்சி என்று இரண்டாகப் பிரித்து, இரண்டும் வேண்டும் என்றார். வேண்டும்தான். ஆனால் பணமும் இடமும் முதல் வகைக்கே அதிகம் கிடைத்தன.

கேட்பவன் பக்கம் நின்று ஒரு முயற்சி அதே 1937ல் நடந்தது. அதன் கதை எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. எட்வர்ட் ஃபிலீன் என்ற பாஸ்டன் வணிகரின் பணத்தில், கொலம்பியா ஆசிரியர் கல்லூரியைச் சேர்ந்த கிளைட் மில்லர் முதலானோர் நியூயார்க்கில் பிரசார ஆய்வு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார்கள். சாதாரண வாசகனும் மாணவனும் பிரசாரத்தை இனம் கண்டுகொள்ளப் பழக்குவதே அதன் நோக்கம். மாதம் ஒரு வெளியீடு. பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பாடமாக வைத்தார்கள். பிரசாரத்தின் ஏழு உத்திகள் என்று அவர்கள் கொடுத்த பட்டியல் இன்றும் வகுப்புகளில் புழங்குகிறது: எதிரிக்கு வசைப்பெயர் சூட்டுவது, பளபளக்கும் பொதுச்சொற்களைத் தூவுவது, மதிப்புள்ள ஒன்றின் மதிப்பைத் தன் சரக்கின்மேல் ஏற்றுவது, பிரபலஸ்தரின் சான்றுரை, ‘நானும் உங்களில் ஒருவன்’ என்ற பாவனை, சாதகமானதை மட்டும் அடுக்குவது, ‘எல்லோரும் வந்துவிட்டார்கள், நீயும் வா’ என்பது. வானொலியில் யூத வெறுப்பைப் பரப்பிவந்த கஃப்லின் பாதிரியாரின் பேச்சுகளை இந்த ஏழு உத்திகளையும் வைத்து அலசி 1939ல் ஒரு புத்தகமே போட்டார்கள்.

1941 டிசம்பரில் அமெரிக்கா போரில் இறங்கியது. 1942 ஜனவரியில் நிறுவனம் தன் வெளியீட்டை நிறுத்திக்கொண்டது. எல்லாத் தரப்புப் பிரசாரத்தையும் ஒரே கண்ணோடு அலசுவது, போர்க்காலத்தில் அரசின் முயற்சியை எதிர்ப்பவர்களுக்குப் பயன்பட்டுவிடலாம் என்பது அவர்கள் சொன்ன காரணம்.

இதைக் கேலி செய்வது சுலபம். நான் செய்யமாட்டேன். ஹிட்லருக்கு எதிரான போர் அது. தன் தரப்பில் நியாயம் இருக்கிறது என்று உண்மையாகவே நம்பியவர்கள் அவர்கள். அந்த நம்பிக்கை தவறும் அல்ல. ஆனால் அந்த ஏழு உத்திகளும் மிக அதிகமாகக் கையாளப்பட்டிருக்கக் கூடிய காலத்தில், அவற்றைக் காட்டிக் கொடுக்கக் கற்ற கண் மூடிக்கொண்டது. மற்றவன் பேச்சை அறுத்துப் பார்க்கப் பழகிய கத்தி, தான் கைதட்டும் பேச்சின் முன் உறைக்குள் போய்விட்டது. பிரசாரத்தைப் பற்றிய படிப்புக்கு உண்மையான பரீட்சை அங்கேதான் இருக்கிறது.

இனி நம் ஊருக்கு வரலாம். அரசியலுக்கும் வெகுஜன சாதனத்துக்கும் உள்ள உறவை ஆராய்பவர்களுக்குத் தமிழ்நாடு நெடுங்காலமாக ஒரு பரிசோதனைக்கூடம். சினிமா நட்சத்திரங்களும் தி.மு.க.வும் என்பது பற்றி அமெரிக்க அரசியல் ஆய்வாளர் ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1973ல் எழுதினார். யாழ்ப்பாணத்திலிருந்து கா. சிவத்தம்பி, தமிழ் சினிமாவை அரசியல் தொடர்புச் சாதனமாகப் பார்த்து 1981ல் ஒரு நூல் எழுதினார். எம். எஸ். எஸ். பாண்டியன் 1992ல் எம்.ஜி.ஆரின் பிம்பத்தைப் பற்றி எழுதிய நூல் இவற்றில் கூர்மையானது. பத்தாண்டு ஆட்சி ஏழைகளுக்குச் செய்தது சொற்பம், இருந்தும் ஏழைகளே அவரைக் கடைசிவரை கைவிடவில்லை, இது எப்படி? திரையில் உருவான பிம்பத்துக்குள் மக்கள் சிக்கிக்கொண்டார்கள் என்பதே பாண்டியனின் விடையின் சாரம்.

பாண்டியனின் கோபம் நியாயமானது. அவர் ஏழைகளின் பக்கம் நிற்பவர். ஆனால் ‘சிக்கிக்கொண்டவர்கள்’ என்ற சொல் உச்சரிக்கப்பட்ட உடனேயே, சிக்காத ஒருவனும் பிறந்துவிடுகிறான். அவன் கையில் ஆய்வேடு இருக்கிறது. 1982ல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டத்தில் தன் குழந்தை ஒரு வேளை சாப்பிட்டதை நினைத்து வாக்களித்த பெண்ணிடம் இருந்தது பிம்ப மயக்கமா, கணக்கா? பாண்டியன் இதை அறியாதவரல்ல. ஆனால் இந்தக் கேள்விக்கு விடை வேண்டுமானால் அவளை ஆராயும் பொருளாக வைத்தால் போதாது, ஒரு தரப்பாக வைத்துப் பேச வேண்டும். மதுரையின் ஏழை ரசிகர்களிடையே பழகி ஸாரா டிக்கி எழுதிய 1993ஆம் ஆண்டு நூல் அந்தத் திசையில் சற்று நகர்ந்தது. அவர்கள் தாங்கள் பார்ப்பது என்ன என்பது பற்றித் தாங்களே யோசிப்பவர்கள் என்பது அதில் தெரிகிறது.

இன்னொரு விஷயம். உடைமை யாருடையது என்று காட்டிவிட்டால் சாதனத்தின் குட்டு உடைந்துவிடும் என்பது மேலைநாட்டு விமர்சன மரபில் ஆழமான நம்பிக்கை. ஹெர்மனும் சோம்ஸ்கியும் 1988ல் செய்தியைச் சலித்துத் தரும் ஐந்து சல்லடைகளைச் சொன்னபோது முதலாவதாக வைத்தது உடைமையைத்தான். ஆனால் தமிழ்நாட்டில் இது ரகசியமே இல்லை. 1993ல் சன், 1999ல் ஜெயா, 2006ல் மக்கள், 2007ல் கலைஞர் என்று கட்சிகளோடோ, கட்சித் தலைமையின் குடும்பங்களோடோ உறவுள்ள தொலைக்காட்சிகள் வரிசையாக வந்தன. 2006ல் ஆட்சிக்கு வந்த அரசு வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டியையே இலவசமாக வழங்கியது. எந்த நிலையம் யாருடையது என்று டீக்கடையில் பையனுக்கும் தெரியும். ஒரே கூட்டத்தை ஒரு நிலையத்தில் கடலாகவும் இன்னொன்றில் காலி நாற்காலிகளாகவும் பார்த்துச் சிரித்துப் பழகியவர்கள் நாம். பல்கலைக் கழகம் மூன்று வருஷத்தில் போதிக்கும் ஞானம் இங்கே இலவசமாகக் கிடைக்கிறது. அப்படியும் என்ன ஆயிற்று? அவரவர் தன் நிலையத்தைத்தான் பார்க்கிறார்கள். எதிராளியின் பொய்யைக் கண்டுபிடிக்க நம் எல்லோருக்கும் தெரியும். அந்தத் திறமை தேவையான அளவுக்கு மேலேயே இருக்கிறது.

படித்தவன் ஏமாறமாட்டான் என்பதற்கு நான் கண்ட ஒரு மறுப்பைச் சொல்லலாம். 2016 நவம்பரில் புதிய 2000 ரூபாய் நோட்டு வந்தபோது, அதில் மின்னணுச் சில்லு இருப்பதாகவும் பூமிக்கு அடியில் புதைத்தாலும் காட்டிக்கொடுக்கும் என்றும் சில செய்தித் தொலைக்காட்சிகள் படம் போட்டு விளக்கின. நோட்டின் பாதுகாப்பு அம்சங்களைப் பட்டியலிட்ட ரிசர்வ் வங்கி அறிவிப்பில் சில்லு எதுவும் கிடையாது. என் கவுண்டரில் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துச் சில்லைத் தேடியவர்கள் அநேகமாக ஆங்கிலப் பத்திரிகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தவர்கள். காய்கறி விற்கும் அம்மாள் ஒருத்தி, “சில்லு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன சார், இதுக்கு யாரு சில்லறை குடுப்பா?” என்று கேட்டாள். அவள் ஏமாறாதவள் என்று சொல்ல வரவில்லை. வேறு விஷயத்தில் அவளும் ஏமாறலாம். அந்தப் பொய் கறுப்புப் பணக்காரன் மாட்டிக்கொள்வான் என்ற ஆசைக்குத் தீனி போட்டது. ஆசை இருந்தவர்கள் நம்பினார்கள். நாம் ஏமாறுவது அறியாமையால் என்பதைவிட, விருப்பத்தால் என்பதே பெரும்பாலும் சரி. விருப்பத்தின்மேல் பட்டத்துக்கு அதிகாரம் கிடையாது.

சிறுபத்திரிகை வாசகர்களாகிய நாம் இதையெல்லாம் படித்து, வெகுஜனங்களைப் பற்றியும் பல்கலைக் கழகங்களைப் பற்றியும் தலையை ஆட்டிக்கொள்ளலாம். சில நூறு பிரதிகள் அச்சடிப்பதால் நாம் சாதனங்களின் உலகத்துக்கு வெளியே நிற்பதாக நமக்கு ஒரு பிரமை உண்டு. அந்த ஏழு உத்திகளை நம் புத்தக மதிப்புரைகளின்மேல் வைத்துப் பார்க்கலாம். ‘வணிக எழுத்து’ என்ற ஒரு வார்த்தையில் ஒருவரைத் தீர்த்துக்கட்டுவது என்ன உத்தி? ‘தரிசனம்’, ‘ஆழம்’ என்ற சொற்கள் எந்த வகை? பிரெஞ்சுப் பெயரொன்றைச் சொல்லி அந்த மதிப்பை நம் நண்பரின் தொகுப்புமேல் இறக்கி வைப்பது? பட்டியலில் இடமில்லாமல் மிஞ்சுவது, ‘எல்லோரும் வந்துவிட்டார்கள்’ என்பது மட்டும்தான். அதையும் நாம் தலைகீழாக்கி, ‘யாருமே வரவில்லை, ஆகவே இது உயர்ந்தது’ என்று வைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஆங்கில இலக்கியம் படித்தவர்கள் அநேகமாக எல்லோரும் ஆர்வெல் 1946ல் அரசியலையும் ஆங்கில மொழியையும் பற்றி எழுதிய கட்டுரையைக் கடந்து வந்திருப்பார்கள். நல்ல உரைநடைக்கு விதிகள் என்ற அளவில்தான் அது வகுப்பில் நடத்தப்படுகிறது. அதே கட்டுரையில் அவர், தான் கண்டிக்கும் குற்றங்கள் இந்தக் கட்டுரையிலேயே இருக்கும், தேடிப் பாருங்கள் என்கிறார். 1941 முதல் 1943 வரை பி.பி.சி.யில் இந்தியாவுக்கான ஒலிபரப்பில் வேலை பார்த்தவர் அவர். தான் செய்வது பிரசாரம்தான் என்பதை நாட்குறிப்பில் மறைக்கவில்லை. பேச்சு எப்படிக் கெடுகிறது என்பதை அவர் உள்ளிருந்து கற்றார். அதனால்தான் அவருக்கு ஏமாறாதவனின் நாற்காலி தேவைப்படவில்லை.

பல்கலைக் கழகம் இந்தப் பாடத்தை மூடிவிட வேண்டும் என்பதல்ல என் வாதம். உடைமை, பணம், தணிக்கை, தொழில்நுட்பம் எல்லாம் தெரிய வேண்டிய விஷயங்கள். தெரியாமலிருப்பதில் பெருமை இல்லை. ஆனால் பரீட்சைக் கேள்வி மாற வேண்டும். எதிர்க்கட்சித் தலைவரின் பேச்சையோ அயல்நாட்டு வானொலியையோ மாணவனிடம் கொடுத்து அலசச் சொல்வதில் பயனில்லை. அது எல்லோருக்கும் வரும். அவன் கைதட்டிய பேச்சை, அவனே மற்றவர்களுக்கு அனுப்பிய செய்தியை, அவன் கண்ணில் நீர் வரவழைத்த படத்தை எடுத்துவரச் சொல்லி, அதை அலசச் சொல்ல வேண்டும். அலசிய பின்னும் அந்த நியாயம் நியாயமாகவே மிஞ்சலாம். மிஞ்சினால் அது அவனுடையது. மிஞ்சாவிட்டால் அவன் ஒரு கட்சியையோ சில நண்பர்களையோ இழக்க நேரிடும். அந்த இழப்புக்குத் தயாராக இருப்பவனுக்கு இந்தப் படிப்பு ஏதாவது கற்றுத் தரும். மற்றவர்களுக்கு அது ஒரு தொழில். விளம்பர நிறுவனங்களிலும் கட்சி அலுவலகங்களிலும் அதற்கு நல்ல சம்பளம் கிடைக்கிறது.