தாய்மரத்தின் படம்

குறிஞ்சிப்பாடியில் எனக்குத் தெரிந்த இளைஞன் ஒருவன் கன்று வியாபாரம் ஆரம்பித்திருக்கிறான். வீட்டுக் கொல்லையில் நிழல்வலை கட்டி, முந்திரியும் பலாவுமாக முந்நூறு ஒட்டுக்கன்றுகள் வைத்திருக்கிறான். விற்பனையெல்லாம் கைப்பேசி வழியாகத்தான். அதில் போட்டிருந்த படங்களைக் காட்டினான்: கொத்துக் கொத்தாய்ப் பழுத்த முந்திரி, பிளந்து வைத்த செஞ்சுளைப் பலா. கீழே நல்ல தமிழில் நாலு வரி. "எங்கள் தோட்டத்தில் விளைந்தது" என்று அது ஆரம்பித்தது.

"தோட்டம் எங்கே தம்பி இருக்கிறது?" என்று கேட்டேன்.

சிரித்துவிட்டான். படமும் எழுத்தும் வேறு வியாபாரிகளுடையவை.

"எல்லாரும் எடுக்கிறாங்க சார். கன்னு விக்கிறது ஐப்பசி மழையில. காய் தொங்குறது பங்குனி, சித்திரையில. இப்ப நான் எதைப் படம் பிடிக்கிறது?"

அவன் கஷ்டம் புரிந்தது. ஆனால் அடுத்தாற்போல் கேட்டதுதான் என்னைச் சங்கடப்படுத்தியது.

"ஒட்டுக் கட்டுறதே அடுத்தவன் மரத்துக் குச்சியை வாங்கித்தானே சார்? குச்சியை எடுத்தா தொழிலு, படத்தை எடுத்தா திருட்டா?"

சட்டத்தைச் சொல்லி அவன் வாயை அடைத்திருக்கலாம். 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம் புகைப்படத்தையும் கலைப்படைப்பாகவே கொள்கிறது. ஆனால் சட்டம் தடுப்பதால் ஒரு காரியம் தப்பாகிறதா, தப்பாக இருப்பதால் சட்டம் தடுக்கிறதா என்பது பழைய வழக்கு. அதை ஒரு கன்று வியாபாரியின் தலையில் கட்டுவது அழகல்ல.

முந்திரிக்கொட்டையை நட்டு வளர்த்தால் தாயைப்போல் பிள்ளை வருமென்ற நிச்சயமில்லை. ஒட்டுக் கட்டினால் வரும். அதற்காகத்தானே ஒட்டு? குச்சி தாய்மரத்தின் குணத்தைத் தனக்குள்ளேயே சுமந்துகொண்டு வருகிறது. கேட்டு வாங்கிய குச்சி அடுத்தவன் மரத்ததுதான். ஆனால் பொய் சொல்லாது. இரவல் படமோ அவன் கொல்லையில் நிற்கும் எந்தக் கன்றையும் பற்றி எதுவும் சொல்வதில்லை. சொல்வதுபோல் காட்டுகிறது, அவ்வளவுதான்.

விவசாயிகளின் உரிமைக்கென்று 2001-இல் வந்த பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டத்தில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. பாதுகாக்கப்பட்ட ரகத்தின் விதையைக்கூட விவசாயி சேமிக்கலாம், விதைக்கலாம், பிறருக்குக் கொடுக்கலாம், விற்கலாம்; ரகத்தின் பெயர்ச்சீட்டை ஒட்டி மட்டும் விற்கக்கூடாது. உயிரைப் பகிர்ந்துகொள்ள விடுகிறவர்கள் சீட்டில் கண்டிப்பாக இருக்கிறார்கள்! வேடிக்கைபோல் தோன்றினாலும், எனக்கு அது சரியென்றே படுகிறது.

வருணனையிலும் எல்லாம் ஒன்றல்ல. விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் தந்த வி.ஆர்.ஐ. 3 முந்திரியின் குணங்கள் யாருடைய தனிச்சொத்துமல்ல. அவன் தன் வார்த்தையில் தாராளமாக எழுதிக்கொள்ளட்டும். 'எங்கள் தோட்டத்தில்' என்பது அப்படிப்பட்ட செய்தியா? அது சாட்சி. ஒருவன் கண்டதை இன்னொருவன் கண்டதாகச் சொல்ல முடியாது.

புடவை வாங்குகிறவள் தொட்டுப் பார்த்து வாங்குகிறாள். கன்று வாங்குகிறவன் கையில் கிடைப்பது நாலு இலை. முந்திரி ஒட்டு காய்க்க மூன்று வருஷமாவது ஆகும். பலா இன்னும் அதிகம். 2011 டிசம்பர் 30 அன்று அடித்த தானே புயலில் இந்தப் பக்கத்து முந்திரித் தோப்புகளும் பலாத் தோப்புகளும் வேரோடு சாய்ந்தன. அப்படி நின்றவர்கள் மறுபடி கன்று நட்டபோது எதை நம்பி நட்டார்கள்? விற்றவன் வாய்ச்சொல்லை. அது பொய்யென்றால் மூன்றாம் வருஷம் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். அந்த மூன்று வருஷத்தை யார் கொடுப்பார்கள்?

இவ்வளவையும் அவனிடம் சொல்லவில்லை. பாதிதான் சொன்னேன். மறுவாரம் பார்த்தபோது பழைய படங்கள் இல்லை. பாலித்தீன் பையில் ஒரு சிறு கன்று, ஒட்டுக்கட்டு தெரிகிறாற்போல். பக்கத்தில் காயில்லாத ஒரு பெரிய முந்திரி மரம். 'குச்சி எடுத்த மரம் இது. காய் பங்குனியில். நேரில் வந்து பார்க்கலாம்' என்று எழுதியிருந்தான். எழுத்துப் பிழை இரண்டு இருந்தது.

"எத்தனை போச்சு?" என்றேன்.

"பதினொண்ணு சார். போன வாரம் நாப்பது" என்றான். குரலில் கோபம் இருந்தது.