கைப்பழக்கமும் கண்ணாடித் திரையும்

ஓவியத்தைக் கையின் பழக்கமாகக் கருதும் மரபு ஔவையார் பெயரால் தமிழரிடையே நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. அப்பழக்கத்தைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க மின்னணு விளையாட்டுகளும் முன்வந்துள்ளன. ஜப்பான் நாட்டு நிண்டெண்டோ நிறுவனம் 1992இல் வெளியிட்ட 'மரியோ பெயிண்ட்', மவுசைக் கையில் கொடுத்துப் படம் தீட்டச் செய்தது. அதே நிறுவனத்தின் 'ஆர்ட் அகாடமி' 2009இல் வந்து, ஓவியப் பயிற்சியைப் பாடம் பாடமாகப் பிரித்து அளித்தது. கைபேசியில் புள்ளிகளைத் தொட்டுக் கோலமிடும் விளையாட்டுகளும் இன்று உள்ளன. கண்ணாடித் திரையை வருடும் விரல் பெறுவதும் கைப்பழக்கம் ஆகுமா என்பது சிந்திக்கத்தக்க வினாவாகும்.

விளையாட்டு என்றதுமே அதனைக் கலைக்குப் பகையாக எண்ணுவோர் உளர். அவ்வெண்ணம் பொருந்தாது. சிக்குக் கோலத்தை நோக்குக. எப்புள்ளியும் இழையால் சூழப்படாமல் எஞ்சலாகாது. புறப்பட்ட இடத்திற்கே இழை திரும்பி வருதல் வேண்டும். இவ்விதிகளுக்கு உட்பட்டு வழி தேடுவதில் உண்டாகும் இன்பம் விளையாட்டின்பமே அன்றோ? சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர் கமலா கிருத்திவாசனுடன் இணைந்து 1974இல் வெளியிட்ட ஆய்வுரை, கோலத்தைக் கணினி அறிவியலின் வடிவ இலக்கணத்தோடு பொருத்திக் காட்டிற்று. நம் பாட்டிமார் வாயிலில் எழுதியது இலக்கணம் உடையது என்பது அறிஞர் அவையிலும் இடம்பெற்றது. விதியை ஏற்று வடிவம் காணும் அறிவைத் திரை விளையாட்டும் வளர்க்கக்கூடும். கண்ணுக்கு அது நல்ல ஆசானே.

கையின் நிலை வேறு. கல்பாத்தித் தெருக்களில் விடியற்காலையில் நீர் தெளித்த தரைமுன் குனிந்து நிற்கும் பெண்ணின் கட்டைவிரலும் சுட்டுவிரலும் மாவின் அளவை அறியும். இழைக் கோலத்திற்கு அரைத்த மாவு கெட்டியானால் இழை அறும், நீர்த்தால் பரவும். திரையில் இத்தகைய தடை இல்லை. பிழைபட்டால் ஒரு பொத்தானைத் தொட்டதும் அப்பிழை நிகழாததுபோல் மறைகின்றது. வாயிலிலும் பிழையைத் துடைக்கலாம். ஆனால் ஈரத்தரையில் துடைத்த தடம் நிற்கும். ஆதலின் இடுமுன் எண்ணவும், பிறழ்ந்த இழையை மற்றொரு வளைவில் அடக்கி அழகாக்கவும் கை கற்றுக்கொள்கின்றது. பொருளின் தடையையும் பிழையின் சுவட்டையும் அறியாத கைக்குப் பழக்கம் முழுமை பெறுவதில்லை.

இதனால் திரையைத் தள்ளிவிடலாம் என்பது முடிபன்று. பிழைக்கு அஞ்சியே வரையாது ஒதுங்கும் பிள்ளைகள் பலர். அவர்தம் அச்சத்தை அது நீக்குகின்றது. மாடிக் குடியிருப்புகளில் வாழும் நம் பேரப்பிள்ளைகளுக்குக் கோலமிட வாயிலே இல்லை. மேலும், நம் வாயில்கள் எல்லார்க்கும் திறந்திருந்தனவா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆண்பிள்ளையின் கையில் கோலமாவைக் கொடுத்த இல்லங்கள் மிகச் சிலவே. 1924ஆம் ஆண்டுத் தேர்த்திருவிழாவின்போது இத்தெருக்களில் நுழைந்த ஈழவர்கள் தாக்கப்பட்டார்கள் என்பதும் வரலாறு. தெருவில் நடக்கவே இசைவு பெறாதவர் வாயிற்கலையை எங்ஙனம் கற்பர்? கருவியை வாங்கும் வசதி வேண்டுமாயினும், திரை சாதி பார்ப்பதில்லை. ஆண் பெண் வேற்றுமையும் பார்ப்பதில்லை. இச்சிறப்பை மறைத்துப் பழமையை மட்டும் போற்றுவது நேர்மையாகாது.

எனினும் ஓர் ஐயம் எஞ்சுகின்றது. விளையாட்டு ஒவ்வொரு கோட்டிற்கும் புள்ளி வழங்குகின்றது, நட்சத்திரம் சூட்டுகின்றது, வரைந்ததை அழியாது சேமித்து வைக்கின்றது. கோலமோ எறும்புக்கு உணவாகி, வழிநடப்போர் காலடியில் கலைந்து, நண்பகலுக்குள் மங்கிவிடும். ரதோற்சவத்தில் தேர் வரும் வீதியில் இட்ட கோலமும் தேருக்குப் பின் நிலைப்பதில்லை. அதனை அறிந்தே இட்டவள் மறுநாளும் இடுகின்றாள். மதிப்பெண்ணுக்காக வரையப் பழகிய பிள்ளை, மதிப்பெண் நின்ற நாளில் வரைவதையும் நிறுத்திவிடுமோ என்பதே நம் கவலை.

இக்குறையைத் திரையின் மேல் மட்டும் சுமத்துவதும் முறையன்று. சங்கங்கள் நடத்தும் கோலப் போட்டிகளில் முதற்பரிசு, இரண்டாம் பரிசு என்று வகுத்து நாமும் அதனையே பயிற்றுகின்றோம். பரிசு பெறாத சிறுமி வெறுங்கையோடு வீடு திரும்பும்போது, கோலம் என்பது வெல்வதற்கு உரியது என்றே கற்றுச் செல்கின்றாள்.

எனவே திரையில் புள்ளியையும் இழையையும் கண்டு தேர்ந்த பிள்ளையைத் தடுக்க வேண்டா. அடுத்த படியாகக் கோலமாவைக் கையில் கொடுப்போம். ஆணாயினும் பெண்ணாயினும் எக்குடியில் பிறந்ததாயினும் கொடுப்போம். வரும் ஐப்பசித் தேர்விழாவில் ஒரு தெருவையேனும் பரிசும் நடுவரும் இன்றிப் பிள்ளைகளிடம் ஒப்படைப்போமாக. தாம் இட்டது கலைவதைக் கண்டபின்னும் மறுநாட்காலை மாவுக் கிண்ணத்தைத் தேடும் பிள்ளைக்கே கைப்பழக்கம் வாய்த்தது எனலாம்.